மாரடைப்பும் இரத்தத்திலுள்ள சர்க்கரையும்

நடுத்தர வயதினரான விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சென்ற அவர், மடையைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபொழுது மார்பின் நடுவே பெரும் பாரம் அழுத்துவதுபோல உணர்கிறார். இடது தோளும் தாடையும் நோகின்றன. உடலெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. அக்கம் பக்கத்து வயல்காரர்கள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே டாக்டர் ஈ.சி.ஜி. படம் எடுத்து, இது மாரடைப்பு என்று கண்டறிகிறார். அதே சமயத்தில் செவிலியர் அவருடைய விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கருவியில் இட்டுச் சர்க்கரையின் அளவைப் பார்க்கிறார். கருவி 210 என்று காட்டுகிறது. "எனக்குச் சர்க்கரை நோயே கிடையாதே! நெஞ்சுவலி என்று வந்தவனுக்குச் சர்க்கரை பார்ப்பானேன்?" என்று அவர் கேட்கக்கூடும்.

இந்தக் கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண மருத்துவ உலகம் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பினால் தெளிவாகியுள்ள உண்மைகள் சில. மாரடைப்பு வந்தவரின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது, அவர் பிழைப்பாரா என்பதைப் பெரிதும் உணர்த்தும் ஓர் அறிகுறியாகும். ஆனால் அந்த வேளையில் சர்க்கரையை அவசரப்பட்டு அடித்துத் தாழ்த்துவதனால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை. மாரடைப்பு வருவதற்கு முந்திய ஆண்டுகளிலும், வீடு திரும்பியதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் சர்க்கரையைக் கவனித்து வருவதே உயிரைக் காக்கும். அவ்விரண்டு காலங்களும் மருத்துவமனையில் கழிவன அல்ல; நம் கிராமங்களில் கழிவன. ஆகவேதான் இப்பொருளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

மாரடைப்பு என்பது யாது?

இருதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை இறைத்து அனுப்பும் ஒரு தசை. அத்தசைக்கும் உணவும் பிராணவாயுவும் வேண்டும். அவற்றைக் கொண்டு வருவதற்கென்றே தனி இரத்தக் குழாய்கள் இருதயத்தின் மேற்புறத்தில் ஓடுகின்றன. பல ஆண்டுகளாக இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வருவதுண்டு. என்றேனும் ஒரு நாள் அப்படிவு வெடித்துவிட்டால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். வாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால் அதற்குக் கீழேயுள்ள பயிர் வாடுவதுபோல, அடைப்புக்கு அப்பால் உள்ள தசை பிராணவாயு இன்றி மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு.

வாடிய பயிர் தண்ணீர் கண்டால் ஓரளவு தலைதூக்கும். மடிந்த இருதயத் தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை. அடைப்பை நீக்குவதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் தசையின் ஒரு பகுதியை நாம் இழக்கிறோம். இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை ஏன் உயர்கிறது?

மாரடைப்பு ஏற்பட்ட மாத்திரத்தில், உடல் தனக்குப் பேராபத்து நேர்ந்துவிட்டதாக உணர்கிறது. அட்ரினல் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. அந்தச் சுரப்பு நீர்களின் தூண்டுதலால், கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்த உதவும் இன்சுலின் என்னும் நீர் கணையத்திலிருந்து ஊறுவதும் அவ்வேளையில் குறைந்துபோகிறது. ஊறுகின்ற சிறிதளவும் சரியாக வேலை செய்வதில்லை. வீட்டில் ஆபத்து என்றவுடன் குதிரைத் திறந்து நெல்லையெல்லாம் முற்றத்தில் கொட்டிவிட்டு, அதைக் குத்திச் சோறாக்க ஆளில்லாமல் திகைப்பதற்கு இந்நிலையை ஒப்பிடலாம். இரத்தத்தில் சர்க்கரை பெருகிக் கிடக்கிறது. பசித்த தசைக்கோ அது கிட்டவில்லை.

சர்க்கரை கிட்டாத இருதயத் தசை, கொழுப்பு அமிலங்களை எரித்துத் தன் சக்தியைப் பெற முயலும். அதற்குப் பிராணவாயு அதிகம் செலவாகும். பிராணவாயுப் பஞ்சத்தில் இருக்கும் தசைக்கு இது மேலும் ஒரு சுமை. தவிர, மிகுந்த சர்க்கரை இரத்தம் உறையும் தன்மையை வளர்க்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. ஆகையால், பெரிய குழாயின் அடைப்பு நீங்கிய பின்னரும் நுண்குழாய்களில் இரத்தம் தாராளமாகப் பாய்வது தடைப்படக்கூடும்.

இவ்வாறு உயர்ந்த சர்க்கரையை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒரு விதத்தில் அது நேர்ந்துள்ள சேதம் எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும் அடையாளம். மற்றொரு விதத்தில் அதுவே மேலும் சேதம் விளைவிக்கும் காரணம். இவ்விரண்டில் எது எவ்வளவு என்பதைப் பிரித்தறிவதுதான் டாக்டர்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்தது.

எண்கள் கூறும் செய்தி

2000-ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், அதுவரை பல நாடுகளில் நடைபெற்ற 15 ஆராய்ச்சிகளின் முடிவுகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்து வெளியிட்டனர். நீரிழிவு நோய் இருப்பதாக அறியப்படாதவர்கள் மாரடைப்புடன் வந்து, அவ்வேளையில் சர்க்கரை ஏறத்தாழ 110 முதல் 144 மில்லிகிராம் வரையிலான எல்லைக்கு மேற்பட்டிருந்தால், மருத்துவமனையிலேயே இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட அவர்களுக்கு ஏறக்குறைய 4 மடங்காக இருந்தது. நீரிழிவு இருப்பது முன்னமே தெரிந்தவர்களுள், சர்க்கரை 180 முதல் 200 வரையிலான எல்லைக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அபாயம் 1.7 மடங்காக இருந்தது. இங்கே கூறப்படும் அளவுகள் யாவும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் மில்லிகிராம் அளவுகளாகும்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. "எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு உயர்ந்த சர்க்கரை காட்டும் எச்சரிக்கை, நோய் இருப்பதை அறிந்து வருகிறவருக்குக் காட்டுவதைவிடக் கடுமையானது. நோய் அறிந்தவர் முன்னமே மருந்து உண்டு வருபவராதலால், அவருக்குச் சர்க்கரை ஓரளவு உயர்ந்து காணப்படுவதில் புதுமையில்லை. நோயில்லாதவர் என எண்ணப்பட்டவருக்கு அவ்வாறு உயர்ந்தால் இரண்டில் ஒன்று நேர்ந்திருக்க வேண்டும்: இருதயத்துக்கு ஏற்பட்ட அதிர்ச்சி மிகப் பெரிதாக இருக்கலாம்; அல்லது அவருக்கு நீரிழிவு வெகுநாளாகவே இருந்து, அதை அவர் அறியாமலும் மருந்தின்றியும் காலங்கழித்திருக்கலாம்.

இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு பரவலானது என்பதை 2002-இல் சுவீடன் நாட்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி விளக்கிற்று. மாரடைப்பு வந்து, ஆனால் நீரிழிவு இருப்பதாக அதுவரை அறியப்படாத 181 பேரை அங்கே சோதித்தனர். மாரடைப்பின் அதிர்ச்சி தணிந்த 3 மாதங்களுக்குப் பின்னர், சர்க்கரைக் கரைசலைக் குடிக்கச் செய்து மீண்டும் இரத்தத்தைச் சோதித்தபொழுது, 100-க்கு 25 பேருக்கு நீரிழிவு இருந்தது; இன்னும் 40 பேருக்கு நீரிழிவுக்கு முந்திய நிலை இருந்தது. மூன்றில் ஒரு பங்கினரே முற்றிலும் சீரான நிலையில் இருந்தனர்.

ஆதலின், நாம் முதலில் கண்ட விவசாயியின் 210 என்ற எண்ணை மாரடைப்பின் அதிர்ச்சி என்று மட்டும் கொண்டு விட்டுவிடுதல் ஆகாது. அடைப்பு நீங்கி அவர் தேறிய பிறகு, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், நீரிழிவு அவரிடம் முன்னரே குடிபுகுந்திருந்தது என்று கொள்ளலாம்.

சுவீடனில் நடந்த சோதனை

உயர்ந்த சர்க்கரை ஆபத்தைக் காட்டுகிறது என்றால், அதைத் தாழ்த்தினால் ஆபத்து நீங்குமா? இக்கேள்விக்கு விடை காண, 1990-ஆம் ஆண்டு முதல் சுவீடனில் 19 மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து ஒரு சோதனை நடத்தின. ஸ்டாக்ஹோம் நகரின் டாக்டர்களான கிளாஸ் மால்ம்பர்க், லார்ஸ் ரைடன் ஆகியோர் இதில் முன்நின்றனர். மாரடைப்புடன் வந்து, சர்க்கரை ஏறத்தாழ 200-க்கு மேல் இருந்த 620 நோயாளிகள் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு முதல் நாள் இன்சுலினும் குளுகோஸும் கலந்து நரம்பின் வழியாகச் செலுத்தப்பட்டன. பின்னர் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் பல வேளை இன்சுலின் ஊசி போடப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது.

முடிவுகள் 1995-இல் வெளிவந்தன. ஓராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 26 பேர் இறந்திருந்தனர். இன்சுலின் பெற்றவர்களில் 19 பேரே இறந்திருந்தனர். சுமார் மூன்றரை ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வெண்கள் முறையே 44 ஆகவும் 33 ஆகவும் இருந்தன. ஒன்பது பேருக்கு இச்சிகிச்சை அளித்தால் ஓர் உயிர் காக்கப்படும் என்பது இதன் பொருள். மருத்துவ உலகம் இதனைப் பெரும் மகிழ்ச்சியுடன் வரவேற்றது.

பின்னர் தெளிவான உண்மை

ஒரு போகம் நன்றாக விளைந்தது என்பதனால் அந்த விதையே சிறந்தது என்று எந்த விவசாயியும் முடிவு கட்டிவிடமாட்டார். மறு போகத்திலும் விதைத்துப் பார்ப்பார். சுவீடன் டாக்டர்களும் அவ்வாறே செய்தனர். இரண்டாவது சோதனை, 1,253 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி நடத்தப்பட்டு, 2005-இல் வெளியாயிற்று. இம்முறை இன்சுலின் முறைகளால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. திட்டமிட்ட அளவுக்கு நோயாளிகள் சேரவில்லை என்பதும், மூன்று பிரிவினரின் சர்க்கரை அளவிலும் பெரிய வேறுபாடு உண்டாகவில்லை என்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆயினும், எந்தப் பிரிவினராயினும் சர்க்கரை உயர்ந்து நின்றவர்களே அதிகமாக இறந்தனர் என்ற பழைய உண்மை மட்டும் மாறவில்லை.

அதே 2005-ஆம் ஆண்டில் இன்னொரு பெரிய சோதனையின் முடிவும் வந்தது. மெக்ஸிகோ நாட்டு டாக்டர் சோடி-பயாரெஸ் என்பவர் குளுகோஸ், இன்சுலின், பொட்டாசியம் ஆகிய மூன்றையும் கலந்து செலுத்தினால் இருதயத் தசை காக்கப்படும் என்ற கருத்தை 1962-இல் வெளியிட்டிருந்தார். அக்கலவையை இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் மாரடைப்பு வந்த 20,201 பேரிடம் சோதித்துப் பார்த்தனர். முப்பது நாட்களில் இறந்தவர்கள், கலவை பெற்றவர்களில் 100-க்கு 10 பேர். பெறாதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவினர். நாற்பது ஆண்டுகளாக நம்பப்பட்டு வந்த கலவையினால் பயன் இல்லை என்று தெளிவாயிற்று.

புகையைக் கண்டு நெருப்பு இருப்பதை அறிகிறோம். புகை கண்ணையும் மூச்சையும் வருத்தவும் செய்கிறது. ஆயினும், புகையை மட்டும் விசிறி விலக்கினால் நெருப்பு அணைந்துவிடுவதில்லை. மாரடைப்பு வேளையில் உயர்ந்து நிற்கும் சர்க்கரையும் இத்தகையதே. குழாயின் அடைப்பை நீக்குவதே நெருப்பை அணைப்பதாகும்.

அளவுக்கு மீறித் தாழ்த்துவதன் தீங்கு

2009-இல் வெளியான வேறொரு சோதனை இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா முதலிய நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 6,104 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். இவர்கள் பலவகைக் கடும் நோய்கள் உடையவர்கள். ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை 81 முதல் 108-க்குள் கண்டிப்பாக வைத்தனர். மற்றப் பிரிவினருக்கு 180-க்குக் கீழ் இருந்தால் போதும் என்று விட்டனர். 90 நாட்கள் கழித்துப் பார்த்தபொழுது, கண்டிப்பான பிரிவில் 100-க்கு 27.5 பேரும், மிதமான பிரிவில் 24.9 பேரும் இறந்திருந்தனர். கண்டிப்பே தீங்காக முடிந்தது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோதல், கண்டிப்பான பிரிவில் 100-க்கு 6.8 பேருக்கும், மற்றதில் 0.5 பேருக்கும் நேர்ந்தது.

சர்க்கரை தாழ்ந்தால் உடல் மீண்டும் அட்ரினல் நீரைச் சுரந்து, இருதயத்தை வேகமாக அடிக்கச் செய்கிறது. ஏற்கெனவே நொந்துள்ள இருதயம் அதனால் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கக்கூடும். எனவே, உயர்வும் தீது, மிகுந்த தாழ்வும் தீது என்பதே இன்றைய கொள்கை. கடும் நோயுற்று மருத்துவமனையில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை தொடர்ந்து 180-க்கு மேல் நின்றால் இன்சுலின் தொடங்கி, பெரும்பாலோருக்கு 140 முதல் 180-க்குள் இருக்குமாறு டாக்டர்கள் பார்த்துக்கொள்கின்றனர். "சர்க்கரை 160 இருக்கிறதே, ஏன் இன்னும் குறைக்கவில்லை?" என்று உறவினர்கள் பதற வேண்டுவதில்லை.

வீடு திரும்பிய பின்னர்

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு வந்தவருக்கு உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்குகிறது. இங்கேதான் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் முழுப் பயனும் கிட்டுகிறது. ஆயினும் சர்க்கரை ஒன்றை மட்டும் கவனித்தல் போதாது. டென்மார்க் நாட்டில் 1993-இல் தொடங்கிய ஒரு சோதனை இதனை விளக்கும். நீரிழிவினால் சிறுநீரகம் பழுதுறத் தொடங்கியிருந்த 160 பேரை எண்பது எண்பதாக இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்தி, ஆஸ்பிரின் கொடுத்து, உணவு, உடற்பயிற்சி, புகையை விடுதல் ஆகியவற்றிலும் வழிகாட்டினர். சுமார் 13 ஆண்டுகள் கழித்து, முதற் பிரிவில் 40 பேர் இறந்திருந்தனர். இரண்டாம் பிரிவில் 24 பேர் இறந்திருந்தனர். பல கவனிப்புகளும் ஒன்றுகூடியபொழுது 16 உயிர்களின் வேறுபாடு உண்டாயிற்று.

புதிய மருந்துகளும் வந்துள்ளன. 2015-இல் வெளியான ஒரு சோதனையில், இருதயக் குழாய் நோயும் நீரிழிவும் சேர்ந்த 7,020 பேர் பங்கு கொண்டனர். சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாக்ளிஃப்ளோசின் என்னும் மாத்திரை உண்டவர்களில், இருதய நோயினாலும் இரத்தக் குழாய் நோயினாலும் இறந்தவர்கள் 100-க்கு 3.7 பேர், வெறும் மாத்திரை உண்டவர்களில் 5.9 பேர். எவருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும். நாம் செய்ய வேண்டுவது, அவர் எழுதிக் கொடுத்ததை நாள் தவறாது உண்பதேயாகும். நெஞ்சுவலி போய்விட்டது, உடம்பு தேறிவிட்டது என்று எண்ணித் தாமாகவே மாத்திரைகளை நிறுத்திவிடுவது, கரை உடைந்ததை அடைத்துவிட்டு அடுத்த மழைக்குக் காவல் இல்லாமல் விடுவது போன்றது.

உணவைக் குறித்தும் ஒரு சொல். சீனியைத் தள்ளிவிட்டுக் கருப்பட்டி, வெல்லம், தேன் ஆகியவற்றைத் தாராளமாக உண்பவர் பலர். இவையும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துவனவே. கேழ்வரகும் கம்பும் நல்ல தானியங்கள். ஆனால் அவற்றிலும் மாவுச்சத்து உண்டு. கூழாகக் கரைத்து வயிறு நிறையக் குடித்தால் சர்க்கரை உயரவே செய்யும். எதை உண்கிறோம் என்பதுபோலவே எவ்வளவு உண்கிறோம் என்பதும் முக்கியம். கீரை, காய்கறி, பயறு வகைகளைப் பெருக்கிச் சோற்றைச் சுருக்குதல் நல்ல வழி.

வலியில்லாத மாரடைப்பு

நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால், உணர்ச்சியைக் கடத்தும் நரம்புகள் மங்கிப்போகின்றன. அதனால் நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வரும்பொழுது மார்பு வலியே இல்லாமற் போகலாம். காரணமின்றி மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், திடீர்ச் சோர்வு, தலைச் சுற்றல் ஆகியவை மட்டும் தோன்றலாம். பெண்களுக்கும் முதியோருக்கும் இவ்வாறு நேர்வதுண்டு. இதனை வாயுக் கோளாறு என்று எண்ணிச் சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்துப் படுத்துவிடுவதனால் எத்தனையோ பேர் காலத்தை இழக்கின்றனர். நீரிழிவு உள்ள ஒருவருக்கு இக்குறிகள் திடீரென்று தோன்றினால், வேறு காரணம் உறுதிப்படும் வரையில் அதனை மாரடைப்பு என்றே கருதி விரைய வேண்டும்.

இதே குறிகளுள் சில, அதாவது வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை, இன்சுலினோ மாத்திரையோ உண்டு சரியாகச் சாப்பிடாதவருக்குச் சர்க்கரை தாழ்ந்ததனாலும் வரலாம். விரல் நுனிச் சோதனை ஒரு நிமிடத்தில் இதைத் தெரிவிக்கும். கருவி இல்லையெனில், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதையும் ஊற்றலாகாது. சர்க்கரை கொடுத்துவிட்டோமே என்று பயணத்தைத் தாமதப்படுத்தவும் கூடாது.

கிராமத்தில் நாம் செய்ய வேண்டுவன

இரத்தம் உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்து, மாரடைப்புத் தொடங்கிய 12 மணி நேரத்திற்குள் பயன் தரும். முதல் இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் பயன் மிக அதிகம். வசதியுள்ள மருத்துவமனையில் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நேராகவே திறந்துவிடுகின்றனர். எந்த முறையாயினும் காலமே முதன்மையானது. ஆகையால் 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைப்பதே முதற் கடமை. நோயாளியை நடக்கவிடுவதும், இரு சக்கர வண்டியில் உட்கார வைத்துக் கொண்டு போவதும் தவறு.

2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக் குறிகளுடன் வருபவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்திருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. தம் ஊருக்குரிய நிலையத்தில் அம்மாத்திரைகளும், விரல் நுனிச் சர்க்கரைக் கருவியும், அதற்கு வேண்டிய சோதனைப் பட்டைகளும் இருக்கின்றனவா என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவ்வப்பொழுது நேரில் சென்று கேட்டறிதல் நல்லது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, 2021-ஆம் ஆண்டுக் கணக்காக நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருந்ததெனவும், 13 கோடியே 60 லட்சம் பேர் அதற்கு முந்திய நிலையில் இருந்தனர் எனவும் மதிப்பிட்டது. இது நகரத்து நோய், உழைப்பவனை அண்டாது என்ற எண்ணம் இனிப் பொருந்தாது. ஏற்றம் இறைத்த கை இன்று மோட்டார்ப் பொத்தானை அழுத்துகிறது. உழுத கால் டிராக்டரில் அமர்ந்திருக்கிறது. உணவோ பழைய அளவிலேயே இருக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு பஞ்சாயத்தும் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்.

1. ஊரில் 30 வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்துக்கொள்ளும்படி செய்தல். வெறும் வயிற்றில் 126-க்குக் குறையாமல் இருந்தால், மறுமுறையும் சோதித்து நீரிழிவை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. சுகாதார நிலையத்தினர் சோதனை செய்ய வரும் நாளை முன்கூட்டியே ஊரில் அறிவித்தல். வேலைக்குச் செல்வோர் இழக்காதவாறு அதிகாலை நேரத்தில் நடத்துமாறு அவர்களைக் கேட்டுக்கொள்ளுதல்.

3. நோயாளர் வண்டி வந்து திரும்பக்கூடியவாறு தெருக்களையும் வயல் பாதைகளையும் செப்பனிட்டு வைத்தல். தெருப் பெயர்களை இரவிலும் தெரியும்படி எழுதி வைத்தல்.

4. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு மாத மருந்து தடையின்றிக் கிடைக்கிறதா என்று கிராமச் செவிலியருடன் கலந்து பார்த்தல். விதைப்பு, அறுவடைக் காலங்களில் வேலை மிகுதியால் மருந்து வாங்கச் செல்லாதவர்கள் உண்டு, அவர்களை நினைவூட்டுதல்.

5. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில், சாலை, குடிநீர் பற்றிப் பேசுவதுபோல இதைப் பற்றியும் ஒரு சில நிமிடங்கள் பேசுதல்.

முடிவாக ஒரு சொல்

நாம் முதலில் சந்தித்த விவசாயிக்கு இப்பொழுது விடை கூறலாம். "ஐயா, உங்கள் இருதயத்துக்கு நேர்ந்த அதிர்ச்சி எவ்வளவு என்பதையும், உங்களுக்குத் தெரியாமலே நீரிழிவு உங்களிடம் இருந்து வருகிறதா என்பதையும் அறியவே உங்கள் விரலில் குத்தினோம். இன்று அடைப்பை நீக்குவது எங்கள் வேலை. நாளை முதல் சர்க்கரையைக் காப்பது உங்கள் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் நீங்கள் மீண்டும் உங்கள் வயலுக்குச் சென்று மடையைத் திறக்க முடியும்."

அந்த ஒரு துளி இரத்தத்தை மருத்துவமனைக் கட்டிலில் கிடந்துதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஆண்டு முன்னதாகவே, நம் ஊர்த் துணை நிலையத்தின் திண்ணையில் உட்கார்ந்து கொடுத்திருக்கலாம். அவ்வாறு கொடுப்பவர்களின் தொகை பெருகினால், கட்டிலில் கிடப்பவர்களின் தொகை தானே சுருங்கும். அதற்கு வழி செய்வது கிராம சேவையில் ஒரு சிறந்த பகுதியாகும்.